மெட்ரோனிடசோலை நீங்களே எழுதிக் கொடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவக் கேள்வி-பதிலில், ஈறு வீங்கிய வாசகர் ஒருவருக்கு, "மெட்ரோனிடசோல் 400 வாங்கி மூன்று நாள் போட்டுப் பாருங்கள், இந்த மருந்துக்கெல்லாம் கிருமிகள் பழகுவதில்லை" என்று பதில் வந்திருக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல. ஈறிலும் குடலிலும் காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கான மருந்து அது. 1962-ல் வேறொரு தொற்றுக்காக இதைச் சாப்பிட்ட பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறியதைப் பல் மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொன்னார். அதன் பிறகுதான் இந்தப் பயனே தெரிய வந்தது. மருந்து கிருமிக்குள் போன பிறகுதான் நஞ்சாக மாறி அதன் டிஎன்ஏவை உடைக்கிறது. நிம் என்ற மரபணு உள்ள கிருமியோ, அது நஞ்சாகும் முன்பே அதைச் செயலிழக்க வைத்துவிடும். குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற இவ்வகைக் கிருமி பென்சிலினுக்கு மசிவதை எப்போதோ நிறுத்திவிட்டது. கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை வயிற்றுத் தொற்றுக்கு நம்பிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் மிச்சமிருப்பது மெட்ரோனிடசோல்தான். கிருமிகளிடம் அதற்கு எதிர்ப்பு இன்னும் குறைவு என்பது உண்மை. குறைவாக இருக்கும்போதே காப்பாற்றினால்தான் உண்டு.

"எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி மருந்துக்குப் பழகிய கிருமி எதுவும் பார்க்கவில்லை" என்பார்கள் மருத்துவர்கள். சோதித்தால்தானே தெரியும்! என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் கழுத்துவரை இறங்கியது. கீறி எடுத்தபோது அறை முழுக்க அழுகல் நாற்றம். அந்த நாற்றமே இது காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் வேலை என்று சொல்லிவிடும். சீழை ஊசிக்குழலில் உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, உடனே ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கோ பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சாதாரணக் குழாயில் போட்டு, மதியம்வரை நர்ஸ் மேசையிலேயே வைத்திருந்தார்கள். காற்றுப் பட்டால் சாகிற கிருமி எப்படி வளரும்? "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. "கிருமியே இல்லையாம், அப்புறம் ஏன்டா காய்ச்சல் இறங்கலை?" என்று அக்கா என்னைக் கேட்டாள். அத்தான் அதற்கு முன்பே தெருமுனை மருந்துக்கடையில் இதே மாத்திரையை வாங்கி, வலி வந்தபோதெல்லாம் விழுங்கியவர். கிருமி அதற்குப் பழகியிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நான் வேலை பார்த்த இடத்தில் இந்தக் கிருமிகளை ஆக்சிஜன் படாமல் வளர்க்க அனரோபிக் ஜார் என்ற மூடிய பாத்திரம் ஒன்று இருந்தது. அதற்கான வாயுப் பொட்டலம் கேட்டு எழுதினால், சாதாரண கல்ச்சரே போதும் என்று கோப்பு திரும்பி வரும். கடைசியில் அந்த ஜாரில் பழைய ரசீதுகளைப் போட்டு வைத்தார்கள். நம் ஊரை மட்டும் சொல்வானேன்? உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட, மருந்துக்கு மசியாத முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலிலும் பாக்டீராய்ட்ஸுக்கு இடமில்லை.

மருந்துக்கடைகளைப் பற்றி என்ன சொல்ல? வயிற்றுப்போக்கு என்று போய் நின்றால் ஓஃப்லாக்சசினும் ஓர்னிடசோலும் கலந்த மாத்திரையை நீட்டுகிறார்கள். ஓர்னிடசோலும் மெட்ரோனிடசோல் குடும்பம்தான். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்ட அட்டையைக் கத்தரியால் நறுக்கி இரண்டே இரண்டு மாத்திரை தருகிறார்கள். விற்பனையைக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளுக்காக 2014-ல் வந்த ஹெச்1 அட்டவணையில் மெட்ரோனிடசோல் இல்லாததால், யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதும் கட்டாயமும் கடைக்காரருக்கு இல்லை. இந்த நிலையில் தங்கள் இதழே மருந்துச் சீட்டு எழுதினால் மக்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

சளிக்கு அசித்ரோமைசின் என்று இதே பகுதியில் முன்பு வந்தபோதும் எழுதினேன். பதில் இல்லை, இடமில்லை போலும் என்று இருந்துவிட்டேன். என் தந்தை காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் என்ற உரிமையில் மறுபடி எழுதுகிறேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி கேள்வி-பதிலில் ஆன்டிபயாடிக் பெயரும் அளவும் அச்சாக வேண்டாம். அந்த வாசகரை உடனே பல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ஈறில் சீழ் கட்டியிருந்தால் அதை வடிக்காமல் மாத்திரை மட்டும் குணமாக்காது என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
திருச்சி