கோடு போட்ட பிள்ளைகளுக்கும் கணக்கு சாருக்கும்

அன்புள்ள கணக்கு சாருக்கு,

வணக்கம். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்துகிற குறுவட்டத் தடகளப் போட்டி உங்கள் பள்ளி மைதானத்தில் நல்லபடியாக முடிந்தது. மழையில் மைதானம் பட்ட பாடு ஊருக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நடுவர்களாக வந்த பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

தண்ணீர் இறைக்க மோட்டாரும் டீசலும் தந்தவர், கிராவல் கொண்டுவந்த டிராக்டர்காரர், இரவு முழுக்க லைட் கட்டிவிட்ட மைக்செட் தம்பி, சத்துணவு அக்கா, பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடை அண்ணன் எல்லோருக்கும் நன்றி. சேற்றின் மேலேயே கிராவலைக் கொட்டப் போனவரை நிறுத்தி, முதலில் சேற்றை வழித்தெடுக்கச் சொன்னது நீங்கள்தான், சார். ஈரச் சேற்றில் எதைப் போட்டாலும் மேலே காய்ந்த மாதிரிதான் தெரியும். வளைவில் கால் ஊன்றும்போது மேல்மண் அப்படியே வழுக்கும். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட வளைவில் விழவில்லை.

ஆனால் சொல்ல வந்தது ஓடுதளத்தை அளந்து கோடு போட்ட உங்கள் பிள்ளைகளின் குழுவைப் பற்றி. எந்தப் போட்டியிலும் பெயர் இல்லாத பிள்ளைகள். மூச்சிரைப்பு உள்ள பையன், காலில் கம்பி வைத்த ஒன்பதாம் வகுப்புப் பெண், எப்போதும் கடைசியாக ஓடி வருகிறவர்கள். மீட் நாளில் இப்படிப்பட்டவர்களுக்கு நாற்காலி தூக்குகிற வேலையும் தண்ணீர்க் குடம் எடுக்கிற வேலையும்தான் வாய்க்கும். நீங்கள் அவர்கள் கையில் இரும்பு டேப்பைக் கொடுத்தீர்கள்.

200 மீட்டர் ஓடுதளம். வளைவின் உள்கோட்டுக்கு ஆரம் 18 மீட்டர், நேர்ப்பகுதி 42.82 மீட்டர். முதலில் 42.82-க்கு 36 என்று செவ்வகம். மூலைக்கு 6, 8, 10 மீட்டர் முக்கோணம் வைத்துச் செங்கோணம் எடுத்தார்கள். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தார்கள். இரண்டும் 55.94 வந்த பிறகுதான் வளைவில் கை வைத்தார்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற படி அது. மூலை கோணினால் வளைவும் நேர்ப்பகுதியும் சேருகிற இடத்தில் கோடு முறியும்.

வளைவுக்கு நைலான் கயிறு வேண்டாம் என்றீர்கள். இழுக்க இழுக்க அது நீளும், ஆரம் மாறும். ஆரத்தில் 1 செ.மீ. தப்பினால் ஒரு சுற்றில் 6 செ.மீ.க்கு மேல் தப்பிவிடும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் மையக் கம்பியில் டேப்பின் நுனி வளையத்தை மாட்டவில்லை. வளையம் ஆடும் என்று 1 மீட்டர் குறியைக் கம்பியின் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் இருந்த பையன் 19-ல் ஆணியால் கீறிக்கொண்டே போனான். கீறலின் மேல் கோலமாவு. சுண்ணாம்பை நீங்கள் தொடவே விடவில்லை. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள், ஈரத்தில் சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். ஓட்டை போட்ட பால் டின்னைத் தட்டித் தட்டி 5 செ.மீ. அகலத்துக்கு அவர்கள் இழுத்த கோட்டை மார்கழிக் கோலம் என்றே சொல்லலாம்.

அடுத்தது ஸ்டாகர், அதாவது வெளி லேனில் ஓடுகிறவர் கூடுதலாக ஓடாதபடி அவருடைய தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிவைக்கிற அளவு. அச்சிட்ட அட்டவணையில் இரண்டாம் லேனுக்கு 7.04 மீட்டர் இருக்கும். அட்டவணை தப்பில்லை. உள்விளிம்பில் கோட்டுக்குப் பதிலாகச் சற்று உயரமான கட்டை வைத்த ஓடுதளத்துக்கானது அது. அங்கே முதல் லேனின் தூரத்தை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். வெறும் கோடு போட்ட மைதானத்தில் மற்ற லேன்களைப் போலவே முதல் லேனுக்கும் 20 செ.மீ.தான். அதனால் 1.22 மீட்டர் லேனுக்கு ஸ்டாகர் 7.67, 15.33, 23.00 என்று போகும். இங்கே 7.04 வைத்தால் இரண்டு முதல் ஆறாம் லேன் வரை எல்லோரும் 63 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். நேரத்தில் பார்த்தால் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஒரு பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போவதும் வீட்டுக்குத் திரும்புவதும் பல தடவை அதற்குள்தான் முடிவாகிறது. இதை அந்த மூச்சிரைப்புப் பையன் எங்கள் நடுவர் ஒருவருக்கு 2π-ஐ மண்ணில் எழுதி விளக்கினான்.

இதெல்லாம் திறமை. நன்றி சொல்லத் தோன்றியது அடுத்து நடந்ததற்கு. முதல் ஓட்டம் தொடங்குமுன் உங்கள் நெஞ்சில் குத்தியிருந்த நடுவர் பேட்ஜைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் குத்தினீர்கள். ஓடுதளம் தயார் என்று வெள்ளைக் கொடி காட்டுவது அவள் வேலை, அவள் காட்டும்வரை விசில் ஊத வேண்டாம் என்று ஸ்டார்ட்டரிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டீர்கள். அவள் ஆறு லேனையும் மெதுவாக நடந்து பார்த்தாள். நான்காம் லேனில் ஒரு கல் கிடந்தது. எடுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் கொடியைத் தூக்கினாள். ஆறு பள்ளிப் பிள்ளைகளும் தொடக்கக் கோட்டில் அவளுக்காகக் காத்து நின்றார்கள்.

உங்கள் பள்ளி ரிலேயில் வாங்கிய இடத்தைப் பற்றியும், பி.வி.சி. பைப்பை 30 செ.மீ. அளவுக்கு வெட்டிச் செய்த பேட்டனை, அந்தக் கைமாற்றும் தடியைப் பற்றியும் வேறு யாராவது எழுதுவார்கள்.

வருகிற ஆண்டு முதல் எங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு குழு இருக்கும். ஓடாத பிள்ளைகளைக் கொண்டுதான் அமைப்போம். கோடைக்கு முன் ஒரு சனிக்கிழமை அவர்களை உங்களிடம் கூட்டி வருகிறோம், உங்கள் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கட்டும்.

மைதானத்தைச் சமன் செய்ய வரும் ஜே.சி.பி. தம்பிக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு வளைவின் மையத்திலும் தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் சார் இரும்புக் கம்பி புதைத்திருக்கிறார். கிழக்கு மதிலிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் எத்தனை மீட்டர் என்று பள்ளிச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வண்டியை இறக்குங்கள், கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
குறுவட்ட உடற்கல்வி ஆசிரியர்கள்