கந்தோர் வாசலில பாக்குவெட்டி

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. பிள்ளையள் பள்ளிக்கூடம் மாறினது, மனிசிக்கு முழங்கால் நோ, எல்லாம் வாசிச்சன். இங்க நாங்கள் சுகம். டித்வா புயலுக்கு மாவிலாறு அணைக்கட்டு உடைஞ்சு மூதூர்ப் பக்கம் சனம் பட்ட பாடு உனக்கு நியூஸில தெரிஞ்சிருக்கும், இங்க திருகோணமலையில எங்கட உவர்மலையில கூரைத்தகடு நாலைஞ்சு பறந்ததோட தப்பிட்டம்.

நீ வேலை செய்யிற பெடரல் கட்டட, அதாவது மத்திய அரசின்ர கட்டட, வாசலில துவக்கு கொண்டுவரக்கூடாது எண்டு ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பற்றி எழுதியிருந்தாய் எல்லோ, அதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கு. அமெரிக்கா எண்டா ஆளாளுக்கு இடுப்பில துவக்கு எண்டுதான் இங்க எங்கட ஆக்கள் நினைப்பு. நானும் தேடி வாசிச்சன். அமெரிக்கச் சட்டக்கோவையில 18ஆம் தலைப்பு 930ஆம் பிரிவாம், பெடரல் கட்டடத்துக்குள்ள துவக்கு கொண்டுபோனா ஒரு வருசம் வரைக்கும் மறியல், கோடு, அதாவது நீதிமன்றம், எண்டா ரெண்டு வருசம், குற்றம் செய்யிற எண்ணத்தோட கொண்டுபோனா அஞ்சு வருசம். ரெண்டரை இஞ்சிக்குக் குறைஞ்ச அலகுள்ள பொக்கெட் கத்தி பரவாயில்லையாம். எனக்குப் பிடிச்சது என்னெண்டா, வாசலில நோட்டீஸ் வடிவாத் தெரியிற மாதிரி இல்லாட்டி, ஆளுக்கு வேற வழியாலயும் விசயம் தெரியாட்டி, சும்மா கொண்டுபோனதுக்குத் தண்டிக்க ஏலாது. சட்டம் தன்ர ஆக்களுக்கே ஒரு வேலை குடுத்திருக்குப் பாத்தியோ. உங்கட சுப்ரீம் கோட்டும் 2008லயும் 2022லயும் துவக்கு வைச்சிருக்கிற உரிமையை அவ்வளவு தூக்கிப் பிடிச்சிட்டு, அரச கட்டடம், கோடு எண்டு வரேக்க தடை சரி எண்டுதான் விட்டிருக்கு.

எங்கட சட்டம் கட்டடத்தைப் பாக்கிறேல்ல, துவக்கைத்தான் பாக்குது. 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது, லைசன்ஸ் இல்லாமத் துவக்கு வைச்சிருக்கிறதே குற்றம், லைசன்ஸை வருசா வருசம் புதுப்பிக்கோணும், 1996ல திருத்தித் தண்டனையை ஆயுள் வரைக்கும் கூட்டிப்போட்டாங்கள். 2024 நவம்பர் 7க்கு முன்னம் தற்பாதுகாப்புக்கெண்டு குடுத்த துவக்குகள் எல்லாத்தையும் திருப்பி ஒப்படைக்கச் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். சட்டத்தில குறை சொல்ல ஒண்டுமில்லை மச்சான், ஆனா லைசன்ஸ்காரனா கந்தோருக்குள்ள வந்து சுடுறான்?

2025 பெப்ரவரி 19 நடந்ததைப் பார். கொழும்பு அளுத்கடைக் கோட்டுக்குள்ள, நீதவானுக்கு முன்னால, பாதாளக் கும்பல் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொலை செய்தாங்கள். சுட்டவன் லோயர் உடுப்பில வந்தவன், துவக்கு வந்தது நடுவில வெட்டிக் குடைஞ்ச ஒரு சட்டப் புத்தகத்துக்குள்ள. லோயர்மாரைச் சோதிக்கிறேல்ல எண்ட வழக்கத்தைத்தான் அவங்கள் பாவிச்சிருக்கிறாங்கள். பிறகு அதே வருசம் ஒக்டோபர் 22, வெலிகம பிரதேச சபைத் தவிசாளரை அவரின்ர கந்தோருக்குள்ளயே, சனம் வந்து போற நாளில சுட்டது. 1987ல பார்லிமெண்டுக்குள்ள ஜனாதிபதி ஜே.ஆர். இருந்த கூட்டத்துக்குக் கைக்குண்டு எறிஞ்சது இப்பத்தைப் பொடியளுக்கு எங்க தெரியப்போகுது. 2018ல அதே பார்லிமெண்டில எம்பிமாரே மிளகாய்த்தூள் எறிஞ்சவை, அதுக்கு எந்தச் சோதனைச்சாவடியும் காணாது!

வெலிகமவுக்குப் பிறகு எங்கட பக்கக் கந்தோர்களிலயும் செக்கிங் கொஞ்சம் இறுகினது. ஒருநாள் நான் காணி விசயமா ஒரு கந்தோருக்குப் போய் வரிசையில நிக்கிறன், எனக்கு முன்னால ஒரு ஆச்சி, நிவாரணக் காசு இருவத்தையாயிரம் இன்னும் வரேல்ல எண்டு கேக்க வந்தவ. வாசலில நிண்ட பொடியன் வெத்திலைப் பையைக் கவிட்டுக் கொட்டச் சொன்னான். பாக்கு, சுண்ணாம்பு டப்பா, புகையிலைத் துண்டு, ஒரு பழைய பித்தளைப் பாக்குவெட்டி, பிடி தேஞ்சு மினுங்குது. பாக்குவெட்டியை எடுத்து பிளாஸ்டிக் தட்டில லைற்றர்களோட போட்டான். "தம்பி, அது என்ர அம்மான்ர, துலைச்சுப் போடாத" எண்டு ஆச்சி திரும்பத் திரும்பச் சொல்லுறா. அந்த நேரம் பார்த்து கோட் போட்ட ஒருத்தர் பைலோட வந்தார், பொடியன் எழும்பி நிண்டு வழி விட்டான், பைலுக்குள்ள என்ன எண்டு ஒரு கேள்வி இல்லை. எனக்கு உடன அந்தக் குடைஞ்ச புத்தகம்தான் ஞாபகம் வந்தது. ஆச்சியைச் சோதிச்சதில பிழை இல்லை, கோட்காரரையும் சோதிக்கோணும் எண்டுதான் சொல்லுறன், நீதவானா இருந்தாலும் சரி. இல்லாட்டி அந்தத் தட்டும் வேண்டாம், அந்தக் கதிரையும் வேண்டாம்.

நாங்கள் செக்கிங்கோட வளர்ந்த ஆக்கள்தானே, அடையாள அட்டையை, அந்த ஐசியைக் கையில பிடிச்சபடி பஸ்ஸால இறங்கி நடந்தது மறக்குமோ. இப்பவும் கோணேசர் கோயிலுக்குப் போறதெண்டா கோட்டைக்குள்ள ஆமி காம்பைத் தாண்டித்தான் போகோணும், மான் மட்டும்தான் ஐசி இல்லாமத் திரியுது. அதாலதான் சோதனை எண்ட உடன எங்கட ஆக்களுக்கு எரிச்சல் வருது, எனக்கும்தான். ஆனா கவுண்டரில இருக்கிற பிள்ளையளைப் பாத்தா வேற மாதிரி இருக்கு. வெள்ளத்துக்குப் பிறகு லிஸ்டில பேர் இல்லை எண்டு வாற சனத்தின்ர கோவம் முழுக்க அதுகளின்ர தலையிலதான், லிஸ்ட் போட்டது ஆரோ, ஏச்சு வாங்கிறது ஆரோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு மேசையில கிடந்த பஞ்ச் மெசினை எடுத்து எறிஞ்சிட்டான் ஒருத்தன், நெத்தியில தையல். தண்டனைச் சட்டக்கோவை 344ஆம் பிரிவு இதுக்கெண்டே இருக்கு, அரச ஊழியரைக் கடமை செய்ய விடாம அடிச்சா மறியல். பொலிசுக்குப் போவம் எண்டு சொன்னா அவள் மாட்டன் எண்டிட்டாள், எறிஞ்சவன் அடுத்த ஒழுங்கைக்காரன், நாளைக்குக் கோயிலில முகம் பாக்கோணுமாம். பெரியாக்கள் கதைச்சுச் சமாதானமாக்கி விட்டினம். எனக்கு அது சரியாப் படேல்ல, ஆனா தையல் அவளின்ர நெத்தியில, நான் என்ன சொல்ல.

உங்கட இடத்தில லோயர்மாரையும் பெரிய ஒபிசர்மாரையும் ஸ்கானருக்குள்ளாலதான் விடுறாங்களோ, எழுது. மற்றது, சித்தியின்ர காணி உறுதிக் கொப்பிக்கு உன்ர கையெழுத்து வைச்ச கடிதம் வேணுமாம், மாசக் கடைசிக்குள்ள அனுப்பிவிடு.

அன்போட,
உன்ர பழைய வகுப்புக்காரன்