போர்ட்ஸ்மத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். தங்கள் நலமும் சித்தியின் நலமும் அறிய ஆவல். பேத்தியின் பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நூலகம், ஆய்வகம், ஆசிரியர்களின் உழைப்பு எதிலும் குறையில்லை. ஆயினும் அவள் வகுப்பில் அண்மையில் நடந்த ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தலைமையாசிரியராக இருந்த தங்களிடம்தான் அதைச் சொல்ல வேண்டும்.

என்னுடன் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணின் மகன் அவள் வகுப்பில் படிக்கிறான். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே இங்கிலாந்தில் பள்ளியில் மதிய உணவு இலவசம். அதைச் சாப்பிடுவதையும், பிறர் போட்டுக் கழித்த சீருடைக் கோட்டை அணிந்து வருவதையும் சொல்லிச் சில மாணவர்கள் அவனை நெடுநாளாகச் சீண்டி வந்தார்கள். அவர்களில் வசதியான வீட்டுப் பையன் ஒருவனின் இயர்போன், விளையாட்டு வகுப்பின்போது உடைமாற்றும் அறையில் காணாமல் போயிற்று. இவன்தான் எடுத்தான் என்று அவன் நண்பர்கள் சொன்னதும், அப்படிச் சொல்பவர்கள் யார் என்றுகூடப் பாராமல், பள்ளி இவனைத் தனியறையில் உட்கார வைத்தது. தாய் அழைத்ததால் நானும் உடன் போனேன். அந்த அறைக்கு வேறு யார் யார் வந்தார்கள், பொருளுக்கு உரியவனின் பையைத் தேடினீர்களா என்று கேட்டோம், யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் அந்தப் பையின் உள்ளறையிலேயே அது கிடைத்தது. தாய்க்கு ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. சீண்டியவர்களை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் வைட் தீவில், ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியில், 1908இல் இப்படித்தான் நடந்தது. ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்ற 13 வயது மாணவன், உடன் பயின்றவனின் ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டரை (அஞ்சலகத்தில் கொடுத்துப் பணமாக மாற்றும் தாளை) திருடிக் கள்ளக் கையெழுத்திட்டுப் பணமாக்கினான் என்று முடிவுகட்டி அவனை நீக்கினார்கள். வங்கி அதிகாரியான தந்தை மகனின் சொல்லை நம்பினார். எட்வர்ட் கார்சன் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர், சிறுவனைத் தாமே கடுமையாகக் கேள்வி கேட்டுத் தெளிந்த பிறகே வழக்கை ஏற்றார். 1910 ஜூலையில் நீதிமன்றத்தில் அவர் குறுக்கு விசாரணை செய்தபோது அந்த ஆர்டருக்குப் பணம் கொடுத்த அஞ்சலகப் பெண்ணின் சாட்சியம் தளர்ந்தது. நான்காம் நாள் அரசுத் தரப்பே அவன் குற்றமற்றவன் என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, வழக்குச் செலவும் இழப்பீடுமாக 7,120 பவுண்டு தந்தார்கள். அவனோ 1914இல் முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் 19 வயதில் மாண்டான்.

பணமும், நாடாளுமன்ற உறுப்பினரான அண்ணனும், நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞரும் இருந்த பிள்ளைக்கே நியாயம் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இயர்போன் கிடைக்காமலே போயிருந்தால், இரவுப்பணி முடித்து உறங்காமல் வந்து நின்ற இந்தத் தாய்க்காக யார் வாதாடியிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மாணவர்களிடையே கொடுமைப்படுத்தலைத் தடுக்க ஒவ்வொரு அரசுப் பள்ளியும் நடவடிக்கைகளை வகுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, சீண்டியவர்களையும் விசாரிக்கக் கோரிப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு நாங்கள் இருவரும் மனு எழுதி வருகிறோம். தங்கள் பள்ளி விடுதியில் திருட்டுப் புகார் வந்தால் முதலில் யாரை அழைப்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
மாலதி