100 கிராம் பருப்பும் கிலோ விலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மளிகைச் செலவைக் குறைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் தேதியில் பட்டியல் போட்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது சரி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் காசிமேட்டுக்கு மீன் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிறவர்கள். கூலி கைக்கு வந்த பிறகுதான் அடுப்பு எரியும். 100 கிராம் பருப்பு, சின்ன பாக்கெட் எண்ணெய், பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்று அன்றன்றைக்குத்தான் வாங்குவோம்.

அந்த 100 கிராம் துவரம்பருப்பு எங்கள் பக்கம் 18 ரூபாய். கிலோவுக்கு 180 ஆகிறது. அதே தரத்துப் பருப்பைப் போன மாதம் மொத்த விலைக் கடைகள் இருக்கும் கொத்தவால்சாவடியில் கிலோ 125க்கு வாங்கினோம். கையில் காசு இல்லாதவர்தான் கிலோவுக்கு 55 ரூபாய் அதிகம் கொடுக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

இரண்டு வருஷமாக நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்குகிறோம். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு 250 ரூபாய். கூலி வந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். நாலு வாரத்தில் 5,000 சேர்ந்துவிடும். சாவடியே 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். போனது காய்கறிக் கடைகள். பருப்பு, மிளகாய், புளி, மொத்த விலைக்கு இன்றும் அங்கே கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கிடைக்கிறது. போக சாதாரணப் பேருந்து. 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திரும்பும்போது மூட்டையோடு ஆட்டோ, ஆளுக்கு 40 ரூபாய்.

முதல் மாதமே எண்ணெயில் ஏமாந்தோம். இரண்டு கடையில் டின் விலை கேட்டு, குறைத்துச் சொன்ன கடையில் வாங்கி வந்தோம். வீட்டில் டின்னைத் திருப்பிப் பார்த்தால் 15 லிட்டர். மற்ற கடைக்காரர் சொன்னது 15 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். 15 லிட்டர் என்றால் பதினாலு கிலோகூட வராது. இப்போது விலை கேட்பதற்கு முன்னால், "அண்ணே, லிட்டரா கிலோவா?" என்றுதான் கேட்கிறோம்.

பங்கு பிரிப்பது எங்கள் வீட்டு வாசலில். மீன் விற்கிற அக்காவின் தராசுதான். தட்டில் வாடை போக எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவித் தருவார். எல்லாரும் பார்க்க நிறுப்பதால் இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை. கடல் காற்றுக்கு உளுந்தில் சீக்கிரம் வண்டு விழும்; காய்ந்த மிளகாய் நாலைந்து போட்டு, டப்பாவை இறுக மூடி வைக்கிறோம். ஒற்றை அறை வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் எதையும் சேர்த்து வைக்க இடமில்லை, அதனால் அளவோடுதான் வாங்குகிறோம். மாதம் வீட்டுக்கு 300 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம்.

கடையில் பாக்கெட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பழைய ஒரு லிட்டர் கவர் அளவிலேயே இப்போது 800 மில்லி, 850 மில்லி எண்ணெய் வருகிறது. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதைப் படிக்க வேண்டும். சின்ன பாக்கெட் எல்லாமே நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். ஷாம்பு, பாட்டிலைவிட ஒரு ரூபாய் பாக்கெட்டில் பல நேரம் மலிவு.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் கூலியை விட முடியாது. அதனால் எங்களில் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் மற்ற நாலு பேருக்கும் போன் போட்டுவிடுவார்.

தெருமுனை அண்ணாச்சியை நாங்கள் விட்டுவிடவில்லை. 2020 ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்தபோது நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் அவர். பால், உப்பு, அவசரத்துக்கு வேண்டியது எல்லாம் இன்றும் அவரிடம்தான்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. தங்கம் விலை தினமும் போடுகிறீர்கள். அதுபோல பருப்பு, உளுந்து, மிளகாய், எண்ணெயின் மொத்த விலையை வாரம் ஒரு முறையாவது போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் எங்கள் பக்கம் வருமானம் படுத்துவிடும். அந்த மாதங்களில் இந்த விலைப்பட்டியல் கையில் இருந்தால், எதை எவ்வளவு வாங்குவது என்று சனிக்கிழமையே உட்கார்ந்து முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.