செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சித்திரை முதல் நாள் பூஜை, ஆகஸ்ட் 15 கொடியேற்றம், மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம், பொங்கல் கோலப்போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பொங்கலன்று சுண்டல் பாதியிலேயே தீர்ந்துபோனதற்கு வருந்துகிறேன்.

இனி வாரியல் வகுப்பு, அதாவது தென்னை ஈர்க்கில் துடைப்பம் கட்டும் வகுப்பு. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு அதிகம் அடிபட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைக்கு முன் மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளில் தென்னை மட்டைகளை வெட்டித் தெருவோரம் போடுவார்கள். குப்பை வண்டிக்குப் போகிற ஓலையில் நம் பிள்ளைகள் ஒரு கைவேலை கற்கட்டுமே என்று நினைத்தேன். சொல்லித்தர தாராவி 90 அடி சாலையிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். நெல்லையில் இருந்த காலத்தில் கட்டிப் பழகிய கை. நான் கத்தி பிடித்த அழகைப் பார்த்ததும், "கத்திய ஓட்டாத தம்பி. அது சும்மா இருக்கட்டும், ஓலைய இழு" என்றார். கத்தியை முழங்காலோடு அணைத்து, ஓலையின் அடியை அதன் வாயில் வைத்து ஒரே இழுப்பு. பச்சை சுருண்டு விழ, ஈர்க்கு தனியே வந்தது. நான் இழுத்தது பாதியில் ஒடிந்தது.

ஒரு மட்டையில் இருநூறு ஓலைக்கு மேல் இருக்கும். ஆனால் நடுவில் உள்ளவைதான் நீளம், இரு முனையிலும் குட்டை. கழித்தது போக ஒரு வாரியலுக்கு ஒரு மட்டை போதாது. தடித்த பக்கத்தைத் தரையில் தட்டிச் சமமாக்கி, கயிறு சுற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி ஈர்க்கை நடுவில் செருகி அடித்தால்தான் கட்டு இறுகும்.

ஏப்ரலிலேயே தொடங்கியிருக்க வேண்டியது. இரண்டு முறை செயற்குழுவைக் கூட்டியும் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேரவில்லை. மே 18 அன்றுதான் முதல் வகுப்பு. மும்பைக்கு ஜூன் 11 வாக்கில் வரவேண்டிய பருவமழை, அந்த ஆண்டு மே 26-ஆம் தேதியே வந்துவிட்டது. மொட்டை மாடியில் காயப்போட்ட ஈர்க்கு முழுவதும் பூஞ்சணம் பூத்தது. இதற்குச் செயலாளர் பொறுப்பா என்று உறுப்பினர்களே சொல்லட்டும். மிஞ்சியதைச் சங்க அறையில் மின்விசிறியின் கீழ் உலர்த்தினேன். அந்த மாத மின்கட்டணம் பற்றிப் பொருளாளர் தனியாகப் பேசுவார்.

தீபாவளிக்கு விற்கலாம் என்பதும் என் யோசனைதான். லட்சுமி பூஜையில் மராத்தியர்கள் துடைப்பத்தை வைத்துக் கும்பிடுவார்களே! பக்கத்து வீட்டு அம்மா எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் கும்பிடுவது ஈச்ச ஓலையில் கட்டிய மெத்தென்ற கேர்சுணியை. நம்முடையது கராட்டா, முற்றம் பெருக்க. சரி, ஒரு வாரியலை அந்த அம்மாவே வாங்கிக்கொண்டார், குளியலறைக்கு.

"விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமாம்" என்று குழுவில் எழுதிய அன்பர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் கடைசிவரை வந்தது நான்கு பேர், அதில் ஒருத்தி என் மகள்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. சில ரசீதுகள் மழையில் நனைந்துவிட்டன, தணிக்கையாளர் புரிந்துகொண்டார். தலைவருக்கும், பொருளாளருக்கும், மட்டை தந்த காவலாளிகளுக்கும், கூலி வாங்க மறுத்த ஆச்சிக்கும் நன்றி.

எனக்குப் பதவி ஆசை கிடையாது. வேறு யாராவது முன்வந்தால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் வரவில்லை. யாரும் வராவிட்டால் அடுத்த வகுப்பு ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு, வெயில் இருக்கும்போதே. வருகிறவர்கள் கத்தியையும் சந்தா பாக்கியையும் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்