சாக்லேட்டில் பூத்த வெள்ளை, பூஞ்சை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பாதி கடந்ததுமே எங்கள் எலத்தகிரி, கோவிலூர் பக்கம் சாக்லேட்டில் செய்த ஈஸ்டர் முட்டைப் பேச்சு தொடங்கிவிடும். பெங்களூருக்கோ ஊட்டிக்கோ போகிறவர்களிடம் பழைய சாக்லேட் கடையில் வாங்கி வரச் சொல்லி அனுப்புவார்கள். அந்த முட்டை கிருஷ்ணகிரி வந்து இறங்குவதற்குள் இளகி, ராத்திரி இறுகி, காலையில் மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும். பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். நல்ல காசு கொடுத்து வாங்கிய பண்டம் இப்படி வீணாவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது பூஞ்சை அல்ல, சாக்லேட்டிலேயே இருக்கும் கோகோ கொட்டையின் கொழுப்பு, அதாவது கோகோ வெண்ணெய். தாராளமாகச் சாப்பிடலாம்.

கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும், உடைக்கும்போது வரும் 'டக்' சத்தத்தையும் தருவது. அது சுமார் 34 டிகிரியில் உருகும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். உருகிய வெண்ணெய் தானாக இறுகும்போது வேறு வகைப் படிகமாகி மேலே வந்து படிகிறது. விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைந்தால் அது கொழுப்பு. சொரசொரவென்று இருந்தால் சர்க்கரை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பிரிப்பதால் காற்றின் ஈரம் மேலே வியர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் பொருக்காகி நிற்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃப்ரை நிறுவனம் 1873இல் உள்ளே வெறுமையான சாக்லேட் முட்டையைச் செய்தது. கேட்பரி 1875இல் தொடங்கியது. அங்கே ஈஸ்டர் என்பது குளிர் விட்டும் விடாத காலம், முட்டையைக் கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைக்கலாம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எப்போது வந்தாலும் நமக்கு அது மாங்காய் முற்றும் வெயில். ஆகவே வாங்குகிற விதமும் கொண்டுவருகிற விதமும் இங்கே மாறத்தான் வேண்டும்.

பெங்களூர், ஊட்டியின் பழைய கடைகளுக்குப் போகிறவர்கள் அலங்காரத்தில் மயங்காமல் முதலில் கேட்க வேண்டியது, இது சாக்லேட்டா, காம்பவுண்டா என்பதுதான். 'ஹோம்மேட்' என்று பலகை இருந்தாலும் காம்பவுண்டாக இருக்கலாம். பாக்கெட்டில் கோகோ வெண்ணெய் என்று இருந்தால் சாக்லேட். அதற்குப் பதில் பாம் கெர்னல் எண்ணெய், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட். காம்பவுண்ட் தின்னத் தகாதது இல்லை. வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும், அதைச் சாக்லேட் விலைக்கு விற்பது நியாயமில்லை.

கொண்டுவருவதற்குத் தெர்மாகோல் பெட்டிதான் சரி. ஐஸ் பேக்கைச் செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி அடியில் வைத்து, நடுவில் அட்டை போட்டு, காற்றுப் புகாத கவரில் கட்டிய முட்டையை மேலே வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் வியர்க்கும். வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் மூடிய டப்பாவில் வைக்கவும். மல்லிகைப் பூவும் மீன் குழம்பும் இருக்கிற ஃபிரிட்ஜில் திறந்து வைத்தால் இரண்டு வாசனையையும் சாக்லேட் இழுத்துக்கொள்ளும். எடுத்த பிறகு ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுதுவதற்கு முக்கியக் காரணம் நம் ஊர் பேக்கரிகள். 'நம்ம வெயிலுக்கு இது சரிப்படாது' என்று ஒதுங்க வேண்டியதில்லை. 20 முதல் 22 டிகிரியில் ஏசி ஓடும் ஒரு சின்ன அறையும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தால் போதும். அடுப்பு இருக்கும் அறையில் மட்டும் செய்யக் கூடாது. 1 கிலோ டார்க் சாக்லேட்டில் 700 கிராமைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 முதல் 48 டிகிரி வரை உருக்கி இறக்கவும். மீதி 300 கிராமைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி, 31-32க்குக் கொண்டுவரவும். மில்க் சாக்லேட் என்றால் 29-30. கத்தி நுனியை முக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளவென்று இறுக வேண்டும். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பதம் வரவில்லை, மறுபடி உருக்க வேண்டியதுதான். கீழே கொதிக்கும் தண்ணீரின் ஆவி ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மொத்தமும் மணல் மாதிரி திரண்டுவிடும். அது அச்சுக்கு ஆகாது, சூடான பாலோ கிரீமோ சேர்த்துக் கேக்குக்குப் பயன்படுத்தலாம்.

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் அச்சைப் பஞ்சால் துடைத்துப் பளபளப்பாக்கி, ஊற்றி, தட்டிக் குமிழ் போக்கி, கவிழ்த்து, விளிம்பைச் சுரண்டவும். இறுகியதும் இன்னொரு பூச்சு. சுவர் 3 மில்லிமீட்டராவது இல்லாவிட்டால் எடுக்கும்போதே உடையும். பிறகு 15-20 நிமிடம் ஃபிரிட்ஜில். அச்சின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் இடம் ஈரம் பட்டது போலக் கருத்திருக்கும், விட்டுப் பிரிந்த இடம் வெளிறித் தெரியும். முழுதும் வெளிறும்வரை பொறுத்தால் முட்டை தானாகக் கையில் விழும். அவசரப்பட்டுத் தட்டுகிறவர்கள்தான் பாதி முட்டையை உடைக்கிறார்கள். இரண்டு பாதியின் விளிம்பையும் லேசாகச் சூடான தட்டில் ஒரு நொடி வைத்து ஒட்டிவிடலாம்.

ஏசி வசதியே இல்லாத கடைகள், முந்திரியும் சர்க்கரையும் கிளறிச் செய்யும் மார்சிபான் முட்டை செய்யலாம். நம் நாட்டுப் பழைய பேக்கரிகளின் ஈஸ்டர் முட்டை அதுதான், வெயிலில் உருகாது. முந்திரித் தூள் 500 கிராம், பொடித்த சர்க்கரை 500 கிராம், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் ரோஜாப் பன்னீர். முந்திரியை மிக்சியில் விட்டு விட்டு அடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். எல்லாவற்றையும் சிறு தீயில் சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறி, ஆறியதும் அச்சில் அழுத்தவும். மேலே ஐசிங்கில் பிள்ளையின் பெயர் எழுதி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். பெரிய வெள்ளிக்கு முன்பே பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டால், ஈஸ்டர் இரவுப் பாஸ்கா பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பேக்கரித் தொழில் செய்யும் வாசகர்,
கிருஷ்ணகிரி.