திரைப்பட மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை: மூன்றில் எது சிறந்தது?

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி, கார்த்திகை மட்டும் மழையால் விடுபட்டன. புரொஜெக்டருக்கு விளக்கு மாற்றியாயிற்று. மிச்சமிருப்பது இந்த ஆண்டு மன்றத்தை இரண்டுபடுத்திய விஷயம்: எடுத்தவரைக் கெடுக்கும் மோதிரம் ஒன்றை அழிக்கப் போகும் கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களில் எது சிறந்தது?

விவாதத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் மண்டபம், பாம்பன் பக்கத்து உறுப்பினர்கள் வர முடியும். பகலில் படகு மராமத்து இருக்கும், மாலைதான் தோது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அந்த உறுப்பினர்கள் விடியுமுன் கடலுக்குப் போகவேண்டியவர்கள் என்பதால் நேரத்தைச் சுருக்கினோம்.

சுருக்க இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத்தில் ஏழேகாலுக்கு முன் போட்டால் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியாது. 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. தியேட்டர் பதிப்பே முதல் படம் 178 நிமிடம், இரண்டாவது 179, மூன்றாவது 201. எதுவும் ஒரே மாலைக்குள் அடங்காது. மூன்றாவதன் கடைசிப் பகுதியைச் சத்தம் குறைத்து ஓட்டிவிட்டு, பிறகு அதை மற்ற இரண்டோடு ஒப்பிடுவது முறையாகாது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் இரண்டாகப் பிரித்து ஆறு மாலைகளில் போட்டோம். முதல் படத்தை, மோதிரத்தை அழிக்கப் புறப்பட ரிவென்டெல் சபையில் ஒன்பது பேர் சேருமிடத்தில் வெட்டினோம். அது தானாகவே இடைவேளைக்கென்று அமைந்த இடம். மூன்றாவதை ரோஹன் நாட்டுப் படை மலையடிவாரப் பாசறையை விட்டுக் கிளம்பும்போது வெட்டினோம். இரண்டாவதற்குச் சரியான இடமே கிடைக்கவில்லை. எங்கே வெட்டினாலும் யாராவது ஒருவர் நடுவழியில் நிற்கிறார்.

காட்சிகள் கூட்டி டிஸ்க்கில் வந்த நீட்டிப்புப் பதிப்பைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று முதலிலேயே தீர்மானம் போட்டோம். 228, 235, 263 நிமிடம் என்று உறையில் இருப்பதில் ரசிகர் பெயர்ப் பட்டியலே முதல் படத்தில் ஏறத்தாழ 20 நிமிடம். ஆனால் பிரச்சினை நீளம் அல்ல. தியேட்டர் பதிப்பின் மூன்றாம் படத்தில் கெட்ட மந்திரவாதி சாருமான் கோபுரத்துக்குள் அடைபட்டதோடு சரி, என்ன ஆனார் என்பது தெரியாது. நீட்டிப்பில் அவர் சாவு வருகிறது. இரண்டாவதில் அண்ணன் போரோமிர், தம்பி ஃபாரமிர், அப்பா டெனதோர் மூவரும் வரும் பழைய நினைவுக் காட்சியும் நீட்டிப்பில் மட்டுமே. ஒருவர் அதைப் பார்த்திருக்க, எதிரே இருப்பவர் பார்க்காமல் வாதாடினால் இரண்டு பேரும் வெவ்வேறு படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். போன ஆண்டுகளில் சண்டை முடியாமல் போனது இதனால்தான்.

விவாதத்துக்கு விதி ஒன்றே: படத்தை அதன் ரீலுக்குள் இருப்பதை வைத்து மட்டும் மதிப்பிடவேண்டும். இந்த விதி வந்ததும் மூன்றாவதுக்காரர்களின் பெரிய ஆயுதம் போயிற்று. '11 ஆஸ்கர், போட்டியிட்ட பதினொன்றிலும் வெற்றி' என்று அவர்கள் ஆரம்பிப்பது வழக்கம். உண்மைதான், முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 2. ஆனால் பீட்டர் ஜாக்சன் மூன்றையும் நியூசிலாந்தில் 1999 அக்டோபரில் தொடங்கி 274 நாளில் சேர்த்தே எடுத்தார். பரிசு முழு உழைப்புக்கும் சேர்த்துக் கடைசியில் வந்தது என்பதே மன்றத்தின் கருத்து.

பிறகு நடந்த வாதம் நன்றாக இருந்தது. டோல்கினின் மூலப் புத்தகத்தில், ஒன்பது பேரில் ஒருவனான போரோமிரின் சாவு இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. படத்தில் அதை முதலாவதன் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதனால்தான் முதல் படத்துக்கு ஒரு முழுக் கதையின் வடிவம் கிடைத்தது. மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோ பனிமலையில் சறுக்கி விழ, சங்கிலியோடு மோதிரம் பனியில் கிடக்கிறது. போரோமிர் குனிந்து எடுக்கிறான். சங்கிலியைப் பிடித்து உயர்த்தி அதையே பார்க்கிறான். கூட வரும் அராகோர்ன் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு ஃப்ரோடோவின் தலைமுடியைக் கலைத்து விளையாட்டாக்குகிறான். அராகோர்னின் கை வாள்பிடியை விட்டு இறங்குவது அதற்கப்புறம். பின்னால் வரும் துரோகம், பச்சாதாபம், சாவு எல்லாம் அந்த அரை நிமிடத்தில் விதைத்தாயிற்று. விதைத்ததை அதே படத்தில் அறுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவதற்கு நடந்தது எதிர்மாறு. புத்தகத்தில் இரண்டாம் பாகம் ஷெலாப் சிலந்தியோடு முடியும். படத்தில் அது மூன்றாவதற்குப் போய்விட்டது. ஃப்ரோடோ பக்கத்துக் கதைக்கு கிளைமாக்ஸ் இல்லாமல் போகவே, புத்தகத்தில் இல்லாத ஓஸ்கிலியாத் நகரப் பயணத்தைச் சேர்த்தார்கள். ஃபாரமிர் கெட்டவன்போலத் தெரிவதற்கும் அதுவே காரணம். புத்தகத்தில் தனித்தனிப் பகுதியாக இருக்கும் இரண்டு கதைகளைப் படத்தில் மாற்றி மாற்றிப் பின்னவேண்டியிருந்தது. ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. அப்படியிருந்தும் மோதிர ஆசையில் சீரழிந்த கோலம் என்பவன் தன்னோடு தானே பேசும் காட்சி நிற்கிறது. ஆண்டி செர்க்கிஸ் நடித்த அவன் முகத்தைக் கேமரா ஒரு பக்கமிருந்து மறு பக்கம் நகர்ந்து பிடிப்பதும், பிறகு நகராமல் வெட்டி வெட்டிக் காட்டுவதும்தான் ஒருவனை இருவராக்குகிறது. இந்த வாதத்தை வைத்தவர் பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். சாருமானின் உருக்-ஹாய் படையின் கோஷம் வெலிங்டன் கிரிக்கெட் மைதானத்தில் ஏறத்தாழ 25,000 ரசிகர்களைக் கத்தவைத்துப் பதிந்தது என்றதும் மீதிப் பேரும் கை தட்டினார்கள். ஆனால் அது வாதமாகாது.

மூன்றாவதன் பக்கம் கடைசியில் எடுபட்டது போர்க்களம் அல்ல, சாப்பாட்டு மேசை. டெனதோர் தக்காளியைக் கடித்துச் சாறு வடியத் தின்கிறார், ஒன்பது பேரில் ஒருவனான பிப்பின் பாடுகிறான், ஃபாரமிர் சாவதற்கென்றே குதிரையில் போகிறான். அம்பை நாணிலிருந்து விடுகிறார்கள், வெட்டு, மேசைக்கு வந்துவிடுகிறோம். ஒரு வாள் மோதலும் கண்ணில் காட்டவில்லை. படத்தொகுப்பு ஆஸ்கரை ஜேமி செல்கிர்க் வாங்கியதற்கு இந்த ஒரு காட்சி போதும். மோதிரம் அழிந்த பிறகும் படம் முடிய மறுப்பதுதான் அதன் பலவீனம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அது பெரும்பான்மைக் கருத்து.

வாக்கெடுப்பில் முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என்று மதிப்பெண். மூன்று மாலையாவது வராதவருக்கு வாக்கு இல்லை. வென்றது முதல் படம். தலைக்கு ஒரு வாக்கு என்றிருந்தால் மூன்றாவது வந்திருக்கும். ஏறக்குறைய எல்லோரும் முதல் படத்தை இரண்டாமிடத்திலாவது வைத்தார்கள். இந்த முறையில் யாரும் வெறுக்காதது ஜெயிக்கும். ஆட்சேபம் மினிட் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

அடுத்த ஆண்டுக்குச் சில குறிப்புகள். இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய 10 அடித் திரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பாய்போல உப்பிக்கொள்ளும். கூடத்தின் கிழக்குச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் காற்று மறையும், ஒலியும் பார்வையாளர் பக்கமே போகும். இரண்டாவதில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டை முழுக்க இரவும் மழையும். தெருவிளக்கு வெளிச்சம் விழுந்ததால் பாதி தெரியவில்லை. அதைக் கூடத்துக்குள் மறுபடி போட்ட பிறகே வாக்கெடுத்தோம். சப்டைட்டில் நேரம் போகப் போகத் தள்ளிக்கொண்டே போனால் அது நொடிக்கு 24 அல்ல, 25 ஃப்ரேம் ஓடும் பதிப்புக்குச் செய்த கோப்பு; அந்த வேகத்தில் 178 நிமிடப் படம் 171 நிமிடத்துக்குள் முடியும். வேறு கோப்பு தேடுங்கள், நொடி தள்ளிவைத்துச் சரிசெய்ய முடியாது. கேபிள் முனைகளை உப்புக்காற்று தின்கிறது. காட்சி முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடிவைக்கவேண்டும்.

மூன்றாம் படத்தின் இரண்டாவது டிஸ்க் இன்னும் திரும்பவில்லை. எடுத்துப்போனவர் பொதுக்குழு முடியுமுன் மேசையில் வைத்துவிடவும். பெயர் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்